தொப்பியும் தலைத்துணியும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது முதுமொழி. தலையில் அணிந்திருப்பதைக் கொண்டு ஆளை அறியும் வழக்கமும் தமிழர்க்குப் புதியதன்று. பனம்பூச் சூடியவன் சேரன்; ஆத்தி சூடியவன் சோழன்; வேம்பு சூடியவன் பாண்டியன். வெட்சி சூடிச் சென்றால் ஆநிரை கவரும் போர். வஞ்சி சூடிச் சென்றால் மண் கவரும் போர். இவ்வாறு குலத்தையும் செயலையும் தலைமேல் வைத்த பூவே அறிவித்தது. பிற்காலத்திலும் இந்நிலை மாறவில்லை. பாரதியாரின் உருவத்தை நான்கு கோடுகளில் தீட்ட முனையும் ஓவியர்க்கு முண்டாசும் மீசையும் போதுமானவையாக உள்ளன.

பூ அன்றே வாடிவிடும். தொப்பியோ அணிந்தவன் மறைந்த பின்னும் நிற்கும். ஆதலின், பழைய ஆடவர் தொப்பிகளைத் திரட்டி, அவை எந்த ஆண்டில் செய்யப்பட்டவை, எவர் அணிந்தவை என்று ஆராய்வது மேலைநாடுகளில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்கத் தொப்பி ஒன்றின் உட்புறத் தோல்பட்டைக்குப் பின்னால் தொழிற்சங்கத்தின் சிறு சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அந்நாட்டுத் தொப்பித் தொழிலாளர் சங்கங்கள் 1896இல் ஒன்றிணைந்தன. 1934இல் மீண்டும் வேறொரு சங்கத்துடன் இணைந்து பெயர் மாற்றின. சீட்டில் எந்தப் பெயர் உள்ளதோ அதனைக் கொண்டு தொப்பியின் காலத்தை ஓரளவு வரையறுத்துவிடலாம். கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டைத் தேடும் முறைக்கும் இம்முறைக்கும் பெரிய வேறுபாடில்லை.

மலேசியத் தமிழர்க்கும் இக்கலையால் ஆகவேண்டிய பணி ஒன்றுண்டு. தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் நூலெழுதி வைத்தாரில்லை. அவர்களைப் பற்றிய ஏடுகளைத் துரைமாரும் அரசு அலுவலரும் எழுதினர். முன்னோர் விட்டுச் சென்றவை சில நிழற்படங்களும், தகரப் பெட்டியில் கிடந்த சில பொருள்களுமே. அவற்றுள் தொப்பியும் ஒன்று. அதன் காலத்தைச் சரியாகக் கணித்தால் அது ஒரு சான்று. தவறாகக் கணித்தால் அதனை அணிந்தவருக்கே நாம் இழைக்கும் பிழை.

ராசா வட்டாரம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானை அடுத்துள்ளது ராசா. சுங்கை ஊஜோங் எனப்பட்ட பழைய நிலப்பகுதியில், ஈயச் சுரங்கங்களால் 19ஆம் நூற்றாண்டிலேயே பெயர்பெற்ற இடம் இது. இங்கிருந்து லிங்கி ஆற்றின் வழியாக ஈயம் கடலுக்குச் சென்றது. 1874இல் ஆங்கிலேயர் சுங்கை ஊஜோங்கில் தலையிட்டனர். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. 1896இல் மாநிலம் நேச மலாய் நாடுகளுள் ஒன்றாயிற்று.

காப்பித் தோட்டங்கள் முதலிலும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் இவ்வட்டாரத்தில் எழுந்தன. ஒப்பந்தக்கூலி முறையிலும் கங்காணி முறையிலும் தமிழர் கொண்டுவரப்பட்டனர். இந்திய ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி வழியாகவும் குடியேற்ற நிதியின் துணையுடனும் நடந்த ஆள்சேர்ப்பை 1938ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இந்திய அரசு தடைசெய்தது. தமிழர் தலையணியின் வரலாறு இத்தோட்டங்களில் பெரும்பாலும் இந்த ஆண்டுகளுக்குள்ளும், அவற்றை அடுத்த இருபது ஆண்டுகளுக்குள்ளும் அடங்குகிறது.

இன்று ராசாவைச் சூழ்ந்திருந்த தோட்ட நிலங்களில் பெரும்பகுதி வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டது. லயங்கள் நின்ற இடத்தில் அடுக்குவீடுகள் நிற்கின்றன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பம் எதை எடுத்துச் செல்லும்? சாமிப்படத்தை எடுத்துச் செல்லும். தையற்பொறியை எடுத்துச் செல்லும். உத்தரத்தில் தொங்கிய பழைய தொப்பியைப் பெரும்பாலும் விட்டுச் செல்லும். ஆகவே, இவ்வாய்வுக்குரிய காலம் குறுகி வருகின்றது.

நெட்டியும் துரையும்

தோட்ட வரலாற்றில் தொப்பி என்றாலே நினைவிற்கு வருவது துரைமார் அணிந்த சோலாத் தொப்பி. பழைய தமிழ் வழக்கில் ஐரோப்பியரைத் 'தொப்பிக்காரர்' என்றே குறித்தனர். அவர்தம் படைவலிமையைக் காட்டிலும் தலைக்கோலமே தமிழர் கண்ணில் முதலில் பட்டது போலும்.

'சோலா' என்பது வங்கத்திலும் வடநாட்டிலும் ஒரு நீர்த்தாவரத்திற்கு வழங்கும் பெயர். ஆங்கிலேயருள் பலர் அதனைச் 'சோலார்' என்று திரித்து, ஞாயிற்றோடு தொடர்புடைய சொல்லாகவே கருதிவிட்டனர். அத்தாவரத்தை நாம் நெட்டி என்கிறோம். ஏரியிலும் சதுப்பிலும் வளரும் நெட்டியின் வெண்மையான உட்தண்டு, எடையற்றது. வெப்பத்தை எளிதில் உட்புகவிடாதது. தஞ்சைக் கலைஞர் அதனைச் செதுக்கிப் பெரிய கோயிலின் உருவத்தைச் செய்கின்றனர். அதே நெட்டியைத் தகடாக்கி, அச்சின்மேல் ஒட்டி, துணி போர்த்தித் தைத்ததே துரையின் தொப்பி. தொழிலாளியை அனுப்பிய நாடே துரையின் தலைக்கும் நிழல் அனுப்பியது.

வியப்பு இதனோடு முடியவில்லை. அத்தொப்பியைச் சுற்றிலும் மடிப்பு மடிப்பாக ஒரு துணி கட்டப்பட்டிருக்கும். அதற்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் 'பகடி' என்னும் இந்தியச் சொல்லின் திரிபு. பகடி என்பது நம் பாகையே. இந்தியனின் தலைப்பாகை சுருங்கி, துரையின் தொப்பியில் ஓர் அணியாக ஒட்டிக்கொண்டது.

இத்தொப்பிக்குப் பின்னால் ஒரு கொள்கையும் இருந்தது. வெப்பநாட்டுக் கதிரொளியில் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் உள்ளன. அவை வெள்ளையரின் மண்டையோட்டை ஊடுருவி மூளையைத் தாக்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மருத்துவருள் பலர் நம்பினர். 1905இல் அமெரிக்கப் படைமருத்துவர் சார்லஸ் உட்ரஃப் இப்பொருளை விரித்து ஒரு நூலே எழுதினார். முதுகுத்தண்டையும் கதிர் தாக்கும் என்று அஞ்சி, சட்டையின் பின்புறத்தில் பஞ்சுப்பட்டை தைத்துக்கொண்டோரும் உண்டு. கீழ்த்திசைக்குக் கப்பலேறிய இளந்துரைகள் பலர் சூயசுக் கால்வாயின் வாயிலில் உள்ள போர்ட் செயித்தில் இறங்கி, முதல் சோலாத் தொப்பியை வாங்கிக்கொண்டனர்.

அதே வெயிலில், அதே மலைச்சரிவில், தொழிலாளி முழ அளவுத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு மரம் வெட்டினான். அவனுடைய மண்டையோட்டை அக்கதிர்கள் ஏன் ஊடுருவவில்லை என்ற வினாவிற்கு, 'இனம் வேறு' என்பதே அக்கொள்கையினர் தந்த விடை. ஆகவே, சோலாத் தொப்பி வெயிலுக்குரிய கருவியாக மட்டும் நிற்கவில்லை; ஆள்வோன் வேறு, உழைப்போன் வேறு என்பதைத் தலைமேல் எழுதிக் காட்டிய பலகையாகவும் நின்றது. உடலின் வெப்பம் முழுவதும் கட்டுமீறி உயர்வதே வெப்பத்தாக்கு என்பதும், மண்டையோட்டை ஒளி துளைப்பதால் அது நேர்வதில்லை என்பதும் இன்று தெளிந்த செய்திகள். நிழல் தரும் எந்தத் தொப்பியும் நன்றே. நனைத்துக் கட்டிய துணியும் நன்றே.

தரம் காட்டிய தலை

பெரட்டில் நிற்பவரைத் தலையைக் கொண்டே தரம் பிரிக்க முடிந்தது. பெரிய துரைக்கும் சின்னத் துரைக்கும் சோலாத் தொப்பி, அல்லது இரட்டைக் கம்பளியாலான அகன்ற விளிம்புத் தொப்பி. கங்காணிக்கு வெள்ளைத் தலைப்பாகையும் கோட்டும். தொழிலாளிக்குத் தலைத்துண்டு. பெண்களுக்கு நெற்றிவரை இறக்கிக் கட்டிய துணி. கிராணியும் கண்டக்டரும் இவற்றுக்கு இடையில் நின்றனர். அவர்களுள் பலர் நிழற்படங்களில் சோலாத் தொப்பியுடன் காட்சி தருகின்றனர். பழைய படத்தில் தொப்பி அணிந்த தமிழரையோ மலையாளியையோ கண்டால், அவர் தொழிலாளர் வரிசைக்கு வெளியில் இருந்தவர் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் அவ்வூகம் தவறக்கூடும் என்பது பின்னர்க் காட்டப்படும்.

தொப்பியை எடுப்பதற்கும் துண்டை அவிழ்ப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு எண்ணத்தக்கது. ஐரோப்பியர் தொப்பியை உயர்த்துவது ஒத்தவர் ஒத்தவர்க்குச் செய்யும் மரியாதை. தமிழகத்துச் சிற்றூரில் மேல்நிலையில் இருந்தோர் முன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கியது அடக்குமுறையின் விளைவு. முன்னதைச் செய்தவன் மீண்டும் தொப்பியை அணிந்துகொண்டு நடந்தான். பின்னதைச் செய்தவன் எதிரில் நின்றவர் போகும்வரை குனிந்து நின்றான். சுயமரியாதை இயக்கம் தோளில் துண்டு அணிவதைத் தன்மானத்தின் அடையாளமாக்கியதன் பொருள் இப்பின்னணியில்தான் விளங்கும். பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலேயாவிற்கு வந்து ஆற்றிய சுற்றுப்பயணம், இக்கருத்தினை இங்குள்ள தமிழரிடையே பரப்பியது.

தோட்டத்தில் இவ்வடக்கம் வேறு வடிவங்களிலும் கேட்கப்பட்டது. மிதிவண்டியில் வரும் தொழிலாளி, துரையையோ உயர் ஊழியரையோ எதிர்ப்பட்டால் இறங்கி நிற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் ஊதிய உயர்வும் மருத்துவ வசதியும் தமிழ்க்கல்வியும் இருந்தன. அவற்றோடு, துரையின் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் இருந்தது. அரசு அவ்வேலைநிறுத்தத்தைப் படைகொண்டு அடக்கியது. அதற்குத் தலைமை தாங்கியோருள் ஒருவரான ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்.

கதர்த் தொப்பியும் படைத் தொப்பியும்

அவ்வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட இளைஞர் பலர் தலையில் காந்தித் தொப்பி இருந்தது. இரண்டு முனைகளும் கூர்ந்து, நடுவில் மடிந்து, சட்டைப்பையில் அடங்கும் இவ்வெள்ளைக் கதர்த் தொப்பி 1920ஆம் ஆண்டை ஒட்டி, ஒத்துழையாமை இயக்கத்தோடு இந்தியா முழுவதும் பரவியது. அதற்குப் பெயர் தந்த காந்தியடிகளோ 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் சட்டையையும் தொப்பியையும் துறந்து, இடுப்புத்துணியோடு நின்றார். அவர் அதனை அணிந்திருந்த காலம் மிகச் சிறிது. அதன் பின்னர்க் காந்தித் தொப்பி காந்தியடிகள் அணியாத தொப்பியாகவே வாழ்ந்தது.

மலேயாவில் இத்தொப்பியின் செல்வாக்கை வளர்த்த நிகழ்ச்சிகளுள் 1937இல் சவகர்லால் நேரு வந்து சென்றதும் ஒன்று. அதற்குச் சில திங்களுக்கு முன்னர், இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய வந்த சீனிவாச சாஸ்திரியார் தலைப்பாகையுடன் வந்தார். தலைப்பாகை அணிந்தவர் அறிக்கை எழுதினார். கதர்த் தொப்பி அணிந்தவர் கூட்டத்தைத் திரட்டினார். இரு தலைமுறைகளின் அரசியலை இவ்விரு தலையணிகளும் பிரித்துக் காட்டின எனலாம்.

அடுத்து வந்தது படைத்தொப்பி. 1942இல் சப்பானியர் மலேயாவைக் கைப்பற்றிய பின்னர் இந்திய தேசிய இராணுவம் உருவாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் அது கலைந்து, 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போசின் தலைமையில் மீண்டும் எழுந்தது. தோட்டத் தமிழர் பலர் அதில் சேர்ந்தனர். பக்கவாட்டில் சாய்த்து அணியும் மடிப்புத் தொப்பி அப்படையினரின் தலையில் ஏறியது. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களும் அதே வகைத் தொப்பியை அணிந்தனர். சிரம்பானில் அப்படையின் பயிற்சி முகாம் இருந்தது. 1945 ஆகஸ்டில் சப்பான் சரணடையும் செய்தி நேதாஜியை எட்டியபோது அவர் சிரம்பானிலேயே இருந்தார். ராசா வட்டாரத்துக் குடும்பம் ஒன்றில் இத்தகைய தொப்பியோ, அதனை அணிந்தவரின் படமோ கிடைப்பின், அதன் காலத்தை 1942க்கும் 1945க்கும் இடையில் நிறுத்தலாம். தொப்பியின் வகையைக் கொண்டே காலம் இவ்வளவு நெருக்கமாகப் புலப்படுவது அரிது.

அதே ஆண்டுகளில் வேறு பல்லாயிரவர் சயாம்–பர்மா புகைவண்டிப் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. சென்றோருள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அவர்தம் தலையில் இருந்த துணி எதுவும் எந்தக் காட்சியகத்திற்கும் வந்து சேரவில்லை.

போர் முடிந்தபோது சோலாத் தொப்பியின் கொள்கையும் முடிந்திருந்தது. சிறைப்பட்ட வெள்ளைப் படையினர் ஆண்டுக்கணக்கில் வெறுந்தலையுடன் வெயிலில் உழைத்திருந்தனர். பர்மாவில் போரிட்ட படைகள் சோலாவை நீக்கி, விளிம்பு மடித்த கம்பளித் தொப்பியை அணிந்தன. பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1944இல் தம் பத்தி ஒன்றில் சோலாத் தொப்பியை மூடநம்பிக்கை என்றே எழுதினார். 1948இல் அவசரகாலம் தொடங்கிய பின்னர், மலேயாத் தோட்டத் துரைகளின் தலையிலும் அது அருகிப்போயிற்று. ஆட்சி மாறுமுன்னரே ஆட்சியின் அடையாளம் தலையை விட்டு இறங்கிவிட்டது.

காலம் கணிக்கும் முறை

ஒரு தொப்பிக்கு இரண்டு காலங்கள் உண்டு. செய்யப்பட்ட காலம் ஒன்று. அணியப்பட்ட காலம் மற்றொன்று. 1920இல் செய்யப்பட்டது 1940வரை ஒரே தலையில் இருந்திருக்கலாம். பின்னர் மகன் தலைக்கும் சென்றிருக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே தொடக்க ஆய்வாளர் செய்யும் முதற்பிழை.

முதலில் பொருளை நோக்குதல் வேண்டும். நெட்டியாலான தொப்பி கையில் எடுத்ததும் இலேசாக இருக்கும். உடைந்த இடத்தில் வெண்மையும் மென்மையும் தெரியும். தக்கையாலானது சற்றுக் கனமாகவும் பழுப்புத் துகள்களோடும் காணப்படும். உள்விளிம்பில் கண்கூச்சத்தைத் தணிக்கப் பச்சைத் துணி ஒட்டியிருப்பது இவ்வகைத் தொப்பிகளில் பெருவழக்கு. அது காலத்தைக் காட்டாது. தலைப்பட்டைக்கும் ஓட்டிற்கும் நடுவே காற்றோட்டத்திற்காக இடைவெளி விட்டிருப்பதும் அவ்வாறே. பட்டையோ உறையோ நெகிழி கலந்ததாயின், அது போருக்குப் பிற்பட்டதாக இருக்கும் வாய்ப்பே மிகுதி. வடிவம் மட்டும் காலத்திற்குச் சான்றாகாது. 1900ஐ ஒட்டி ஆங்கிலப் படையில் ஏற்கப்பட்ட 'உல்சிலி' வகைத் தொப்பியை அந்நாட்டுக் கடற்படை வீரரின் இசைக்குழுவினர் இன்றும் அணிகின்றனர்.

அடுத்து, உட்புறச் சீட்டைப் படித்தல் வேண்டும். பெயரைவிட முகவரியே சிறந்த சான்று. இலண்டன் நகர அஞ்சல் வட்டங்கள் எண் பெற்றது 1917இல். ஆகவே, இலண்டன் 'டபிள்யூ 1' என்று அச்சிட்ட சீட்டு அவ்வாண்டிற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. 'ஆக்ஸ்' என்னும் புகழ்பெற்ற இலண்டன் நிறுவனம் பிக்காடிலியில் இருந்து 1913 அளவில் சவில் ரோ முதலாம் எண் கட்டடத்திற்கு மாறியது. ஒரே நிறுவனத்தின் இரு தொப்பிகளை இம்முகவரி மாற்றம் முன்பின்னாக வரிசைப்படுத்துகிறது.

நம் நாட்டுச் சீட்டுகளிலும் இவ்வாறான குறிகள் உள்ளன. நேச மலாய் நாடுகள் என்பதன் சுருக்கம் இருப்பின் காலம் 1896ஐ ஒட்டித் தொடங்கும்; அப்பெயர் 1946இல் மலாயன் யூனியன் அமைந்தபோது மறைந்தது. 'மலேசியா' என்றிருப்பின் அது 1963 செப்டம்பருக்குப் பிற்பட்டது. சொங்கோக் தொப்பியின் உள்ளே வணிகக்குறியை 'சாப்' என்னும் சொல்லால் குறிப்பர். 1972ஆம் ஆண்டின் ரூமி எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் அச்சொல்லில் 'சி' எழுத்தை அடுத்து 'எச்' எழுத்து நின்றது. பின்னர் அந்த 'எச்' நீங்கியது. அதே ஆண்டில் போர்ட் சுவெட்டன்காம் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது.

இவ்விடத்தில் ஓர் அளவையியல் நெறியை மறவாமை வேண்டும். புதிய குறி, காலத்தின் கீழெல்லையை உறுதியாகத் தரும். பழைய குறி, மேலெல்லையை அவ்வாறு உறுதியாகத் தராது. அச்சிட்டு வைத்த பழைய சீட்டுகளைத் தீரும்வரை ஒட்டுவது வணிகரின் இயல்பு. 1972க்குப் பிறகும் பழைய எழுத்துச் சீட்டுடன் தொப்பி விற்கப்பட்டிருக்கலாம். 1972க்கு முன் புதிய எழுத்துச் சீட்டுடன் விற்கப்பட்டிருப்பது அரிதினும் அரிது.

மூன்றாவது சான்று பலர் குப்பையென எறிந்துவிடுவது. தொப்பி தலைக்குப் பெரிதாயின், உட்பட்டைக்குள் நாளிதழை மடித்துச் செருகுவர். அத்தாளை மெல்ல விரித்தால் நாளோ, செய்தியோ, விளம்பரமோ கிடைக்கலாம். 'தமிழ் நேசன்' 1924இல் தோன்றி 2019இல் நின்றது. 'தமிழ் முரசு' 1935இல் தோன்றியது. ஒரு துண்டுச் செய்தித்தாள், அத்தொப்பி எந்த ஆண்டிலோ அதற்குப் பின்னரோ ஒரு சிறிய தலையில் இருந்தது என்பதைக் காட்டும். அணிந்தவர் தமிழ் படித்தவர், அல்லது தமிழ் படிப்போர் நடுவே வாழ்ந்தவர் என்பதையும் சேர்த்தே காட்டும்.

படத்தைப் படித்தல்

தொப்பி கிடைக்காமல் படம் மட்டும் கிடைப்பதே பெரும்பான்மை. அதனைப் படிக்கும்போது எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். நிழற்பட நிலையங்கள் கோட்டு, நாற்காலி, கைத்தடி, தொப்பி ஆகியவற்றை இரவல் தருவதற்கென்றே வைத்திருந்தன. ஊருக்கு அனுப்பும் படத்தில் தொழிலாளி ஒருவர் இரவல் கோட்டுடனும் இரவல் தொப்பியுடனும் அமர்ந்திருக்கலாம். அவரைக் கிராணி என்று முடிவுகட்டுதல் கூடாது. அளவு பொருந்தாத தோள், காதுவரை இறங்கிய தொப்பி, செருப்பில்லாத கால் ஆகியவை உண்மையை உணர்த்தும். தொப்பி பொய் சொன்னாலும் கால் மெய் சொல்லும்.

படத்தின் பின்புற எழுத்தும் பேசும். ணை, லை, னை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்களுக்கு மாற்றான சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு ஏற்றது 1978இல். ஆயினும் அவ்வெழுத்துகளைப் பெரியார் தம் இதழ்களில் 1935இலேயே கையாளத் தொடங்கிவிட்டார். எனவே, சீர்திருத்த எழுத்தில் குறிப்பெழுதிய பழைய படம் ஒன்று கிடைத்தால், அது 1978க்குப் பிற்பட்டது என்று விரைந்து கூறலாகாது. எழுதியவர் சுயமரியாதைக் கருத்தினராகவும் இருக்கக்கூடும். சுவரில் தொங்கும் நாட்காட்டியையும் விடுதல் கூடாது. வெள்ளைத் தொப்பி அணிந்த எம்.ஜி.ஆர். அதில் இருப்பின், படம் 1960களின் இறுதிக்கு முற்பட்டதன்று.

காத்தல்

கண்டெடுத்த தொப்பியைத் தூய்மை செய்யும் ஆர்வமே அதற்கு முதற்பகை. நெட்டித் தொப்பியில் நீர் படலாகாது. பட்டால் வடிவம் குலையும். உச்சியைப் பிடித்துத் தூக்காமல், இரு கைகளாலும் விளிம்பைத் தாங்கி எடுத்தல் வேண்டும். நெகிழிப் பையில் கட்டினால் நம் நாட்டின் ஈரத்தில் பூஞ்சணம் பற்றும். அச்சில்லாத மெல்லிய வெண்தாளை உள்ளே நிரப்பி, வெயில் படாத பெட்டியில் வைத்தலே தக்கது. செய்தித்தாள் துண்டையும் சீட்டையும் இருந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். பழைய கம்பளித் தொப்பிகளை உருவாக்குவதில் பாதரச உப்பு பயன்பட்டது; ஆகவே அவற்றைக் கையுறையின்றித் தொட்டவர் கைகளை நன்கு கழுவுதல் நலம்.

இவையனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. எவருடையது, எந்தத் தோட்டம், எந்த வேலை, எவர் சொன்னது என்னும் நான்கையும் எழுதி உடன் வைத்தல் வேண்டும். பெயரற்ற தொப்பி விலைபெறலாம்; வரலாறு பெறாது. பாட்டியிடமோ பாட்டனிடமோ இந்நான்கையும் கேட்டெழுதுவது பள்ளி மாணவரும் செய்யத்தக்க பணி.

தலைத்துணி எங்கே?

இவ்வளவு முறைகளும் தொப்பிக்கே பயன்படுகின்றன. நெட்டியும் தக்கையும் தோலும் நிலைத்தன, சீட்டு ஒட்டப்பட்டிருந்தது, முகவரி அச்சிடப்பட்டிருந்தது. தொழிலாளியின் தலைத்துண்டிற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. விடியலில் தலையில் கட்டிய அதே துண்டு, பகலில் வியர்வையைத் துடைத்தது, மாலையில் குளித்துத் துவட்டியது, குழந்தைக்குத் தூளியாயிற்று, கிழிந்தபின் அடுப்பங்கரைப் பிடிதுணியாகி முடிந்தது. பயன் தீரும்வரை பயன்பட்ட பொருள் சேகரிப்பாளர் கைக்கு வருவதில்லை. ஆகவே, கிடைத்த தொப்பிகளை மட்டும் வரிசையாக அடுக்கித் தோட்ட வரலாறு என்று பெயரிட்டால், அது துரைமார் வரலாறாகவும் கிராணிமார் வரலாறாகவுமே அமையும். கூட்டமாய் நின்ற ஆயிரவர் அதில் தலையின்றி நிற்பர்.

இக்குறையை நீக்கும் வழி அரிதன்று. ஒவ்வொரு தொப்பிக்கும் அருகில், அதே தோட்டத்தின் குழுப்படம் ஒன்றை வைத்தல் வேண்டும். அதில் தலைத்துண்டு கட்டிய முறைகளை எண்ணிக் குறித்தல் வேண்டும்: முன்முடிச்சு, பின்முடிச்சு, உச்சியை மறைத்தது, மறைக்காதது. இன்னும் வாழும் முதியோரிடம் அவற்றைக் கட்டிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தல் வேண்டும். துணி மறைந்தாலும் கட்டும் முறை கையில் இருக்கிறது. அக்கை ஓய்வதற்குள் அதனைப் பதிவு செய்தால், சீட்டில்லாத தலையணிக்கும் காலமும் இடமும் கிடைக்கும்.

1973இல் மலேசியாவில் விசையுந்து ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது கட்டாயமாயிற்று. மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையைக் கேட்டுக் கிள்ளானில் போராடி முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தொழிலாளியும் அதிகாரியும் ஒரே சட்டத்தின்கீழ் ஒரே வகைக் கவசத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரே சாலையில் சென்றனர். எதிர்ப்பட்டபோது இறங்கி நின்றவர் எவருமில்லை. தோட்டத்துத் தலையணிகளை ஆண்டு வரிசையில் அடுக்கும் ஆசிரியர், சோலாத் தொப்பியில் தொடங்கும் அவ்வரிசையின் இறுதியில் இக்கவசம் ஒன்றையும் வைக்கலாம். நடுவே, ஒரு முழத் துணிக்கும் இடம் விடுதல் வேண்டும்.